பாட்டிலுக்கும் ஒரு பிரிமணை

கம்பத்துச் சுருளிராஜனுக்கு யாரையும் சந்தேகப்படத் தெரியாது, சோடா கம்பெனிக்காரர்களைத் தவிர. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஐந்து கால்கள் புடைத்துக்கொண்டிருக்குமே, அவற்றுக்கு நடுவிலுள்ள பள்ளமெல்லாம் நம் சரக்கைக் குறைப்பதற்காக வைத்த குழி என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே சொந்தமாகத் திராட்சை சோடா போட ஆரம்பித்ததும், தண்ணீர் பாட்டில் மாதிரி அடி தட்டையாக இருப்பதைத் தேடிப் பிடித்து வாங்கினார்.

"கேஸ் சரக்குக்கு இது ஆகாதுண்ணே," என்றார் பாட்டில் விற்ற ஜாஸ்பர்.

"ஒனக்கும் அந்தக் கம்பெனியில பங்கு இருக்கா தம்பி?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார்.

சோடாவின் அரங்கேற்றம் கூடலூரில், அக்கா உமாதேவியின் மகள் சடங்கில். தாய்மாமன் சீர் என்றால் சும்மாவா? அக்கா புருஷன் தவசிக்குக் கேலி செய்ய ஒரு நூல் கிடைத்தால் போதும், வேட்டியே நெய்துவிடுவார். முன்பு காதுகுத்துக்குக் கொண்டுபோன பலாப்பழம் பிஞ்சாகப் போனதை இன்றுவரை சபையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் அக்கா தலை குனிந்துகொள்வாள். இந்த முறையாவது அவளை நிமிர்ந்து நடக்க வைக்க வேண்டுமென்று சுருளிராஜனுக்கு நிஜமாகவே ஆசை.

சித்திரை வெயிலில் ஜீப்பின் மேல் ஏறி வந்த பாட்டில்களைத் தெருமுனையில் இறக்கித் தாம்பாளத்தில் அடுக்கினால், ஒன்றுகூட நிற்கவில்லை. சூட்டில் கேஸ் முட்டி, தட்டை அடியெல்லாம் உப்பிப் பானை அடியாகிவிட்டது. ஒன்றை நிமிர்த்தினால் இரண்டு சாய்ந்தன. மேளக்காரர்கள் வேறு வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். சுருளிராஜனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் மனைவி அனுசுயா ஒரு பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"ஏங்க, குடத்தை வெறுந்தரையிலயா வைக்கிறோம்? வைக்கோல்ல பிரிமணை சுத்திப் போட்டுத்தான வைக்கிறோம்?"

சீரோடு வந்த வாழைத்தாரைச் சுற்றியிருந்த சருகை உருவினாள். கூட வந்த பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி முறுக்கி, சின்னச் சின்ன வளையமாக்கினார்கள். வளையத்தில் உட்கார்ந்த பாட்டில் அப்புறம் அசையவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்ப அந்த அஞ்சு காலு?"

"கூடப் பொறந்த பிரிமணை. ஒங்க சரக்கை ஒருத்தரும் திருடல."

வீட்டு வாசலில் தவசி தாம்பாளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிடிக்க நூல் எதுவும் அகப்படவில்லை.

"பாட்டிலுக்குப் பிரிமணையா? இம்புட்டு மூளையும் இத்தனை நாளா எங்கன இருந்துச்சு மாப்ள?"

அக்கா முகமெல்லாம் பூரிப்பாகத் தம்பியைப் பார்த்தாள். ஊரே பார்த்தது. பெயரைத் தட்டிக்கொண்டு போக இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அனுசுயா புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி, இவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள்.

சுருளிராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜீப்புல எம்பக்கத்துல ஒக்காந்து வந்துச்சு மச்சான்," என்று மனைவியைக் காட்டினார்.

சபை சிரித்தது. உமாதேவி தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, தவசியைத் தாண்டி நிமிர்ந்து நடந்தாள்.