பீட்ரூட் முயல்

இரண்டு மிளகுக் கண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன, பீட்ரூட் சாறு கலந்து வார்த்த இட்லியில் முயல் முகம், காரட் சீவலில் காது, தேங்காய்த் துருவலில் மீசை, காலையில் ஸ்நாக்ஸ் டப்பாவுக்குள் எப்படி உட்கார வைத்தேனோ அப்படியே மத்தியானமும் உட்கார்ந்திருக்கிறது, ஒரு காது மட்டும் வாடித் தொங்குகிறது, நேற்று கேழ்வரகு யானை திரும்பி வந்தது, அதற்கு முந்தின நாள் பச்சைப்பயறு ஆமை, ஏன்டா தின்னல என்றால் என் மகள் முகை ஷூவைக் கழற்றிக்கொண்டே பசிக்கலம்மா என்கிறாள், யூகேஜி விட்டு வந்த களைப்பில் சோற்றையும் பாதியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போவாள், அடுத்த மாசமும் எடை ஏறலைன்னா பெட்ல சேத்துதான் பாக்கணும் என்று டாக்டரம்மா சொன்னது என்னைத் துரத்திக்கொண்டே வருகிறது, உட்கார்ந்தால் எழச் சொல்கிறது, எழுந்தால் அடுப்படிக்கு ஓடச் சொல்கிறது, பேசாம ரெண்டு இட்லியும் சட்னியும் குடுத்து விடேன், நீ புடிச்ச முயலுக்கு மூணே காலுங்கிறியே என்று இவர் சிரிக்கிறார், சிரிக்கட்டும், நான் நாளைக்குக் கம்பு மாவில் மயில் செய்யலாமா என்று யோசிக்கிறேன், கண்ணயர்ந்தால் ஆமை எடை மெஷினில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது, யானை அதன் பின்னால் வரிசையில் நிற்கிறது, வரிசைக் கடைசியில் நான், பள்ளிக்கூடத்துப் பச்சைப் பாவாடையில், கையில் ஒரே ஒரு கடலை மிட்டாய், என் பெஞ்சுக்காரி எஸ்தர் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், பாவாடை நுனியை மிட்டாய் மேலே போட்டுக் காக்காக் கடி கடித்துப் பாதியை அவளுக்குக் கொடுக்கிறேன், சோப்பு வாசத்தோடு அவள் அதை மெல்லுகிறாள், மெல்லுகிற வாய் எஸ்தருடையதா முகையுடையதா, முகையுடையதாகவே இருக்கக்கூடாதா கடவுளே.

விழித்ததும் ஆத்திரத்தில் முயலின் வாடிய காதைப் பிய்த்து என் வாயில் போட்டுக்கொள்கிறேன், முகை எங்கிருந்தோ ஓடி வருகிறாள், அம்மா கதவச் சாத்திட்டுத் தின்னும்மா, ஏன்டா, யாராச்சும் பாத்தா வயிறு வலிக்கும்ல, யாருடி சொன்னா, நீதான்.

நானேதான், பார்க்கில் ஐஸ்கிரீமோடு இவள் நின்றபோது வாட்ச்மேன் மகன் வாய்பார்த்துக்கொண்டு நின்றான், அவனைப் பாக்க வெச்சுத் தின்னாதே, வயிறு வலிக்கும், குடுத்துத் தின்னு, இல்லேன்னா மூடி வெச்சிரு என்றேன், எல்லா அம்மாக்களும் சொல்வதுதானே, அப்போ ஸ்கூல்ல என்று இழுக்கிறேன், ஜெரோஷா தர்ஷன் எல்லாரும் ஓடி வந்து சுத்தி நின்னுக்குவாங்கம்மா, இன்னிக்கு என்னன்னு கேப்பாங்க, குடுக்கலாம்ல, குடுக்கக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க, அவங்கவங்க ஸ்நாக்ஸ அவங்கவங்கதான் திங்கணுமாம், அப்போ நீ என்னடா செய்வே, மூடி வெச்சிருவேன். இதைச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு விளையாடப் போய்விட்டாள், நான் அழகாகச் செய்யச் செய்யக் கூட்டம் சேர்ந்திருக்கிறது, கூட்டம் சேரச் சேர என் பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறாள், என் பேச்சையும் தட்டாமல், மிஸ் பேச்சையும் தட்டாமல்.

மறுநாள் காலையில் அதே பீட்ரூட்டைத் துருவி, இட்லியை உதிர்த்து, கடுகு தாளித்துக் கிளறுகிறேன், கண் இல்லை, காது இல்லை, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சிவப்புக் குவியல், அதை மூடி அனுப்பிவிட்டு வீடு முழுக்க நடக்கிறேன், துவைத்த துணியை மறுபடி துவைக்கிறேன், வேன் சத்தம் கேட்டதும் படியில் இறங்கி ஓடுகிறேன், டப்பாவைத் தெருவிலேயே திறந்து பார்க்கிறேன், ஒரு கடுகுகூட இல்லை, துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது, அவளை அப்படியே தூக்கிக்கொள்கிறேன், எல்லாத்தையும் தின்னுட்டேம்மா, யாருமே வரல, என்று என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சொல்கிறாள், சமத்து, என் தங்கம், என்கிறேன், படியேறும்போது என் தோளைத் தட்டுகிறாள், அம்மா, நாளைக்கு இதோட ஒரு முயலும் வைம்மா, திங்கறதுக்கு இல்ல, அவங்க வரதுக்கு.