எட்டாவது நொடி

நாய்க் காப்பகத்தில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. பதினோரு வருடமாகக் கூண்டு கழுவி, சாப்பாடு வைத்து, நாய்களின் குணத்தைக் கரைத்துக் குடித்தவள். அவளுக்கே கரியன் ஒரு வாரம் பிடிபடவில்லை.

யாரோ காப்பக வாசலில் கட்டிப்போட்டுவிட்டுப் போன நாய். வந்த நாலாம் நாள் தண்ணீர் வைக்கப் போனவரைக் கடித்தது, ஆறாம் நாள் இன்னொருவரை. இன்று மூன்று மணிக்கு ஊசி போட்டு முடித்துவிடுவது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மணி இரண்டேகால். அக்கா அவர் அறையில் போய் நின்றாள்.

“அது கண்டபடி கடிக்கல டாக்டர். கூண்டுக் கதவைத் திறக்க அட்டைய வச்சா ‘பீப்’னு சத்தம் வருதுல்ல, அதுல இருந்து எட்டு நொடி. ஒம்பது தடவை கடிகாரம் வச்சுப் பார்த்துட்டேன். அதுவரைக்கும் அசையாம நிக்கும், எட்டுல பாயும். கடிபட்ட ரெண்டு பேரும் சரியா அந்த நேரத்துல கைய நீட்டியிருக்காங்க.”

“எட்டு எதுக்கு அக்கா?”

“கழுத்துல முடி கொட்டி ரெண்டு தழும்பு இருக்கு. ஷாக் அடிக்கிற பட்டை போட்டிருந்திருக்காங்க. அதுல முதல்ல இதே மாதிரி சத்தம், எட்டு நொடி கழிச்சு ஷாக். எப்ப வலிக்கும்னு அது மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு.”

“இது உங்க ஊகம்.”

“நான் உள்ள போய் உட்காருறேன். நீங்க சத்தம் கொடுங்க.”

“கை போயிடும்.”

“போனா என் கைதானே.”

டாக்டர் வாதாடிப் பார்த்தார். கடைசியில் தோல் கையுறைகளை எடுத்துக் கொடுத்தார்.

அவள் கரியனிடமிருந்து இரண்டு முழம் தள்ளி, முகத்தைத் திருப்பி உட்கார்ந்தாள். வெளியே சத்தம் கேட்டது.

ஒன்று, இரண்டு. நாய் கல்லாய் நின்றது. ஐந்தில் காது மடங்கியது. ஆறில் உதடு நடுங்கியது. ஏழில் அவளுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. எட்டு. கரியன் பாய்ந்தது. பற்கள் அவள் கையுறையைக் கவ்வின.

“அக்கா!”

“கதவத் தொடாதீங்க.”

அவள் கையை இழுக்கவில்லை. ஒன்பது, பத்து. வலி வரவில்லை. நாய் கவ்வியபடியே அவளைப் பார்த்தது. பிறகு மெல்ல விட்டது.

“இன்னொரு தடவை” என்றாள்.

பதினைந்து தடவை நடந்தது. கடைசி நாலில் எட்டாவது நொடியில் உடம்பு மட்டும் விறைத்தது, பாயவில்லை. மணி மூன்றரை ஆகியிருந்தது.

வெளியே வந்த பிறகுதான் அவள் கையுறைகளைக் கழற்றினாள். டாக்டர் தண்ணீர் டம்ளரை நீட்டினார்.

“அந்தச் சத்தத்தையே நிறுத்திடலாமே?”

“வேண்டாம். நாளைக்கு வேற எங்கயாவது அதே சத்தம் கேட்கும், கடிக்கும். சத்தம் வரட்டும், எட்டும் வரட்டும், ஒண்ணும் நடக்காம போகட்டும்.”

டாக்டர் ஊசிக்குக் கையெழுத்துப் போட்ட தாளில் இன்றைய தேதியை அடித்துவிட்டு, ஒரு மாதம் தள்ளி எழுதினார்.

அந்த மாதம் முழுக்க அக்கா தினமும் உள்ளே போய் உட்கார்ந்தாள். இருபத்துமூன்றாம் நாள், சத்தம் கேட்டும் கரியன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.