ஏழாம் நம்பர் லயம் எட்டு மீற்றர் நகர்ந்தது

சிவசக்தி கணக்குக் கொப்பியில் வளைகோட்டை ஒரு மீற்றர் மேலே தூக்கி வரைந்த செவ்வாய்க்கிழமை மாலை, ஹாலிஎலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் எட்டு வீடுகள் ஒரே வரிசையாய் ஒட்டி நிற்கும் ஏழாம் நம்பர் லயமும் அடிமண்ணோடு ஒரு மீற்றர் உயர்ந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் வாசல் எட்டாமல் கீழே நின்றார்கள். தோட்ட ஆபீசில் சொன்னபோது, எழுத்தில் தரச் சொன்னார்கள். நான்கு நாளில் எட்டு வீட்டுக்கும் கல்லடுக்கிப் படி வைத்தாயிற்று.

வீட்டில் கண்ட ஒரு வளைகோட்டை வரைந்து, அதன் சமன்பாட்டை மாற்றி நகர்த்திக்கொண்டு வரும்படி மாலை வகுப்பில் கணிதம் படிப்பிக்கும் ஸப்ரான் சேர் சொல்லியிருந்தார். கணிதத்தில் இரண்டு முறை தவறிய சிவசக்திக்கு எதையாவது விட்டுவிடுவோமோ என்று எப்போதும் பயம். தொய்ந்த தகரக் கூரையை வரைந்தவள், அதன் கீழே எட்டு வீடுகளின் காம்பராக்களையும் வரைந்தாள். தன் வீட்டு அடுப்படித் தரையைப் பிளந்தோடும் வெடிப்பையும் அளந்து வரைந்தாள். மண்சரிவு பார்க்க வந்தவர்கள் அந்த வெடிப்பைச் சுற்றிச் சிவப்பு மை பூசிப் போய் மூன்று வருடம். வேறு இடத்தில் வீடு என்றார்கள், வரவில்லை. பெருமழைக்கெல்லாம் அவளும் அம்மா விஜயலெட்சுமியும் கீழேயுள்ள பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள்.

வெடிப்பைத் தாண்ட இடப்பக்கம் எட்டு மீற்றர் போதும் என்று அவள் கணக்கிட்டாள். இடப்பக்கம்தானே என்று சமன்பாட்டின் அடைப்புக்குறிக்குள் எட்டைக் கழித்தாள். லயம் வலப்பக்கம் போய்த் தேயிலைக்குள் நின்றது.

"ஏம்புள்ள, பள்ளிக்கூடத்துப் பக்கம்னு சொல்லிட்டு மலைப்பக்கம் தள்ளிட்டியே! இனி கக்கூசுக்குப் போக நான் பஸ்ஸு ஏறணுமா?" என்றார் பக்கத்து வீட்டு அந்தோனிமுத்து.

"உள்ளுக்குக் கழிச்சா வலது பக்கம்தான் போகும் மகள். எல்லாரும் விடுற பிழைதான்," என்றார் சேர்.

மூன்று தடவை அட்டவணை போட்டுப் பார்த்து, கழித்தலைக் கூட்டலாக்கினாள். லயம் வந்த வழியே திரும்பி, பழைய இடத்தையும் கடந்து, சரியாக எட்டு மீற்றர் இடப்பக்கம் நின்றது. விஜயலெட்சுமி வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு, அடுப்புப் பற்றவைக்க உள்ளே போய்க் குனிந்தாள்.

"அடியே, இதுவும் கூடவே வந்துருச்சுடி."

எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு நகரும், உருவம் மாறாது என்று சேர் முதல் நாளே சொல்லியிருந்தார். சிவசக்தி அதை அடிக்கோடிட்டும் வைத்திருந்தாள். வெடிப்பை அழித்துவிட்டுப் படத்தை மறுபடி நகர்த்தி வரைந்தாள், லயம் அசையவில்லை. வெடிப்பில்லாத அந்தப் படம் அவர்களுடைய லயமாக இல்லை.

மழை அறிவிப்பு வந்தால் இப்போதும் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறார்கள். நடக்க வேண்டிய தூரத்தில் எட்டு மீற்றர் குறைந்திருக்கிறது.