வெளியுறவு அமைச்சருக்கு ஒரு துணைக் கேள்வி

சார்லஸ் விசிலை நீட்டி ஊதியதும் அவை கூடியது. சரக்கு ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். விசில் கையில் இருந்ததால் சபாநாயகர் பதவியும் அவருக்கே வந்து சேர்ந்திருந்தது. கடலூர் சில்வர் பீச்சில் எதிரெதிராகக் கிடக்கும் சிமென்ட் பெஞ்சுகளில் கடலைப் பார்த்த பக்கம் ஆளுங்கட்சி, ஊரைப் பார்த்த பக்கம் எதிர்க்கட்சி. காலை நடைக்கு வருகிறவர்கள் பேப்பரை வைத்துக்கொண்டு கத்திச் சண்டை போட்டு, ஒருத்தருக்கு ரத்த அழுத்தம் ஏறி மயங்கி விழப் பார்த்த ஒரு நாளில், "சண்ட போடுறதுன்னா முறையா போடுங்கப்பா" என்று சார்லஸ் தொடங்கி வைத்தது இது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும். சுண்டல் விற்கிறவர் அந்நேரத்துக்கு வர மாட்டார் என்பதால் வீட்டிலிருந்து ஆளுக்கொரு டப்பா கொண்டு வருவார்கள்.

சுப்பராயலு வெளியுறவு அமைச்சர். மின்வாரியத்தில் மேற்பார்வையாளராக இருந்தவருக்கு அந்தத் துறை கிடைத்ததற்குக் காரணம், மகளைப் பார்க்க ஒரு முறை சிங்கப்பூர் போய்விட்டு வந்ததுதான். ஆனால் கிடைத்த துறையை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நிஜ நாடாளுமன்றத்தை டிவியில் உட்கார்ந்து பார்த்தார். அமைச்சர்கள் தரும் எழுத்துப்பூர்வமான பதில்களை போனில் தேடிப் படித்தார். அதில் அவருக்கு மிகவும் பிடித்துப்போன வாக்கியம், "இக்கேள்வி எழவில்லை" என்பது. எவ்வளவு பெரிய கேள்வியையும் அது உட்கார வைத்துவிடும் என்று கண்டுகொண்டார். வீட்டில் மலர்க்கொடி, "மிக்ஸிய ரிப்பேருக்குக் குடுத்தீங்களா இல்லியா?" என்று கேட்டபோதுகூட ஒரு தடவை அதைச் சொல்லிப் பார்த்தார். அன்றைக்குச் சட்னி அரைக்கப்படவில்லை.

மலர்க்கொடி அவர் மனைவி. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டாக்டர் நடக்கச் சொன்னதால் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஸ்கூட்டரில் கணவரோடு கடற்கரைக்கு வர ஆரம்பித்தார். முதலில் பார்வையாளராகத்தான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மீன்வளத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற எதிர்க்கட்சித் தலைவர் ஆண்டி, வெளியுறவுக்கு ஒரு நிலைக்குழு வேண்டும், அமைச்சர் இஷ்டத்துக்குப் பேசிக்கொண்டு போகிறார் என்று பிரச்சனை கிளப்பியபோது, குழுத் தலைவர் பதவியை எடுத்துக்கொள்ள ஆள் வரவில்லை. மலர்க்கொடி கையைத் தூக்கினார். சுப்பராயலு பலமாகக் கைதட்டி வரவேற்றார். நம்ம வீட்டு ஆள்தானே என்று அவருக்கு ஒரு நிம்மதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவைக்கு ஒரு விருந்தினரும் வந்திருந்தார். சிதம்பரத்திலிருந்து தில்லைநாதன். சுப்பராயலுவோடு ஒரே ஆபீசில் காலம் தள்ளியவர். ரத்த உறவு கிடையாது. ஆனாலும் மச்சான் என்றுதான் இருவரும் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த முறையில் மலர்க்கொடி அவருக்குத் தங்கச்சி.

முதல் கேள்வி ஆண்டியுடையது. "நம்ம ரேடியோ வெளிநாட்டுக்காரனுக்குன்னு பல பாஷையில பேசிக்கிட்டு இருக்குதே, அத யாரு கேக்குறாங்கன்னு அமைச்சர் சொல்வாரா?"

சுப்பராயலு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நம் குரல் உலகம் பூராவும் ஒலிக்கிறது, கடல் தாண்டி மலை தாண்டிப் போகிறது, அதனால் நாட்டின் மதிப்பு உயர்கிறது என்று அலை சத்தத்துக்கு மேலே பேசினார். ஆளுங்கட்சி பெஞ்சைத் தட்டியது. சிமென்ட் என்பதால் சத்தம் வரவில்லை, கைதான் வலித்தது.

"ஒரு துணைக் கேள்வி" என்று மலர்க்கொடி எழுந்தார். "நாம பேசுறதப் பத்தியே சொல்றாரு அமைச்சர். சரி. அந்தப் பக்கத்துலேருந்து எவனாவது திருப்பி ஏதாச்சும் சொன்னான்னா, அத ஒக்காந்து கேக்குறதுக்கு நம்மகிட்ட ஆளு இருக்குதா?"

சுப்பராயலு மறுபடி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இக்கேள்வி எழவில்லை" என்றார். எதிர்க்கட்சி விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்து வைத்தார்.

அடுத்ததுதான் அன்றைய முக்கியப் பொருள். ஒரு நட்பு நாட்டோடு பாதுகாப்புக் கூட்டணி ஒப்பந்தம். எந்த நாடு என்று பெயர் சொல்வதில்லை என்பது அவையின் விதி. பெயர் சொன்னால் நிஜமாகவே அடித்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவையைக் கேட்க வேண்டுமா, போட்ட பிறகு சொன்னால் போதுமா என்பது விவாதம். போட்ட பிறகு சொன்னால் போதும் என்பது சுப்பராயலுவின் கட்சி. அவசரமான காரியங்களுக்கு அவையைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது, வெளியுறவு என்பது வாக்கு, வாக்கைக் கொடுக்கிறவன் ஒருத்தனாகத்தான் இருக்க முடியும் என்று அடுக்கிக்கொண்டே போனார். நன்றாகவே பேசினார். ஆண்டிகூட ஒரு கட்டத்தில் தலையாட்டினார்.

நண்பனின் பேச்சில் தில்லைநாதனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. விருந்தினருக்குப் பேச உரிமை உண்டா என்று கேட்டு, சார்லஸ் தலையசைத்ததும் எழுந்துவிட்டார்.

"மச்சான் சொல்றது நூத்துக்கு நூறு. உதாரணத்துக்குச் சொல்றேன். எங்க வீட்டுக்குப் பக்கத்துல எங்க அண்ணன் வீடு காலியா இருக்குது. அதுக்குக் குடி வந்துர்றேன், கடைசி வரைக்கும் ரெண்டு குடும்பமும் ஒண்ணா இருப்போம்னு மச்சான் எனக்கு வாக்குக் குடுத்தாரு. தங்கச்சியக் கேட்டுட்டா குடுத்தாரு? அன்னிக்கே அடிச்சாரு பாருங்க கைய. அதான் வெளியுறவு."

சிரிப்பு பாதியில் நின்றது. எல்லோரும் மலர்க்கொடியைப் பார்த்தார்கள். மலர்க்கொடி சுப்பராயலுவைப் பார்த்தார். சுப்பராயலு கடலைப் பார்க்க முடியாமல், ஊரையும் பார்க்க முடியாமல், தன் கான்வாஸ் ஷூவின் நாடாவைப் பார்த்தார். தில்லைநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. மெல்ல உட்கார்ந்தார்.

"சபாநாயகர் அவர்களே" என்றார் மலர்க்கொடி. குரல் ஏறவில்லை. அதுதான் சுப்பராயலுவைப் பயமுறுத்தியது. "இந்த ஒப்பந்தத்தப் பத்திக் குழு சார்பா சில கேள்வி இருக்குது. கேக்கலாங்களா?"

சார்லஸ் சுப்பராயலுவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "கேளுங்கம்மா" என்றார்.

"எத்தன நாளைக்கு ஒப்பந்தம்?"

"காலவரையறை இல்ல."

"புடிக்கலன்னா வெளிய வர வழி இருக்குதா?"

"அதப் பத்திப் பேசல."

"பாதுகாப்புக் கூட்டணின்னா ஒரு ஆபத்து இருக்கணும் இல்ல. நமக்கு இன்னா ஆபத்து வந்துருச்சு? யாருகிட்டேருந்து பாதுகாப்பு?"

இந்தக் கேள்விக்குப் பல பதில்கள் அவரிடம் இருந்தன. பேச்சிலேயே எப்படியாவது சமாளித்துவிடலாம். ஆனால் எதிரில் நின்றவளின் முகத்தில் கேலி இல்லை, கோபமும் இல்லை. பதில் என்னவென்று தெரிந்துகொள்ள நிற்கும் முகம். இப்படி ஒரு முகத்தை வீட்டில் எத்தனை தடவை பார்க்காமல் கடந்து போயிருப்போம் என்று தோன்றியது.

"போன வருஷம் நீ சிங்கப்பூர்ல பாப்பாகிட்ட இருந்தப்போ" என்றார். அவை நடையெல்லாம் போய்விட்டது. "பாத்ரூம்ல மயங்கி விழுந்துட்டேன். ஆஸ்பத்திரில ரெண்டு நாள் வச்சிருந்தாங்க. பெருசா ஒண்ணும் இல்ல, சக்கரை எறங்கிப் போச்சுன்னாங்க. தில்லைதான் மொத பஸ்ஸப் புடிச்சு ஓடியாந்து கூடவே இருந்தான். அப்பத்தான் வாக்குக் குடுத்தேன்."

ஆண்டி தன் டப்பாவைச் சத்தமில்லாமல் மூடினார்.

மலர்க்கொடி ஓர் அடி முன்னால் வந்தார். பிறகு, "இந்தத் தகவல் ஏன் அவைக்குத் தெரிவிக்கப்படல?" என்றார்.

"அவை வெளிநாட்டுல இருந்துச்சு. பயந்துக்கும்னு சொல்லல."

யாரோ சிரித்துவிட்டார்கள். மலர்க்கொடிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "பயப்படுமா பயப்படாதான்னு அவையையே கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு சார்லஸ் பக்கம் திரும்பி, "இந்த ஒப்பந்தம் நிலைக்குழு பரிசீலனைக்கு வரட்டுங்க. குழு சிதம்பரத்துக்கு நேர்ல போயிப் பாத்துட்டு அறிக்கை குடுக்கும்" என்று முடித்தார். இரண்டு பக்கமும் பெஞ்சைத் தட்டினார்கள்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது சுப்பராயலு முதுகில் இடி விழக் காத்துக்கொண்டே ஓட்டினார். விழவில்லை. பெண்ணையாற்றுக் காற்று மாதிரி ஏதோ குளிர்ச்சியாக வந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலில் இறங்கியபோது மட்டும் மலர்க்கொடி, "எந்தப் பக்கம் அடிபட்டுச்சு?" என்று கேட்டார். சுப்பராயலு இடது தோளைக் காட்டினார். மலர்க்கொடி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இனிமே தாப்பா போடாம குளிங்க" என்று சொல்லி உள்ளே போனார்.

சனிக்கிழமை சிதம்பரம் போனார்கள். மேல வீதிக்குப் பின்னால் அந்த வீடு நல்ல வீடாகத்தான் இருந்தது. நடுச்சுவரில் ஒரு கதவு திறந்துவிட்டால் இரண்டு வீடும் ஒன்றாகிவிடும் என்று தில்லைநாதன் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார். மலர்க்கொடி குழாயைத் திறந்து பார்த்தார், ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார். தில்லைநாதனின் மனைவி ராமாமிர்தம் காபி கொண்டுவந்து நின்றபோது அவரிடம், "அண்ணி, உங்களுக்கு இது எப்பத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"பால்காரர் சொல்லித்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்கு ஆளு வராங்களாமே, இன்னும் ஒரு லிட்டர் சேத்துப் போடவான்னு கேட்டாரு" என்றார் ராமாமிர்தம். "செவுத்துல கதவு வைக்கப் போறது இப்பத்தான் எனக்கே தெரியுது."

தில்லைநாதன் சுவரிலிருந்து கையை எடுத்தார்.

காபி டம்ளர்கள் காலியாயின. மலர்க்கொடிதான் பிச்சாவரம் போகலாம் என்றார். கிள்ளை வழியாக ஆட்டோ போனபோது, பெண்கள் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து, மகள் வீட்டுச் சமையல் முதல் முட்டி வலி வரைக்கும் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். படகுத் துறையில் வெயில் இன்னும் ஏறவில்லை. ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டைகளை ஆண்கள் இருவரும் எடுத்து மாட்ட ஆரம்பித்தபோது மலர்க்கொடி தடுத்தார்.

"நீங்க இல்ல. குழு தனியாத்தான் கூடும். அமைச்சருக்கெல்லாம் அனுமதி கெடையாது."

"இன்னா பேசப் போறீங்க?" என்றார் தில்லைநாதன்.

"அறிக்கை வரும்" என்றார் ராமாமிர்தம். அவர் இப்படிப் பேசி தில்லைநாதன் கேட்டதே இல்லை.

படகு நகர்ந்தது. துடுப்புப் போடுகிறவர் ஏதோ கேட்க, மலர்க்கொடி கையை நீட்டி அகன்ற நீர்ப்பரப்பைக் காட்டாமல், மரங்களுக்குள் நுழைகிற குறுகலான வாய்க்காலைக் காட்டுவது கரையிலிருந்து தெரிந்தது. சுப்பராயலு படிக்கட்டில் உட்கார்ந்தார். குடி வரலாம் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம், கதவு இருக்கட்டும் ஆனால் தாழ்ப்பாள் இரண்டு பக்கமும் வேண்டும் என்றும் சொல்லலாம். அவள் என்ன சொல்வாள் என்று அவருக்கு ஒரு துளிகூடத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

"மச்சான், எதுனா கேக்குதா?" என்றார் தில்லைநாதன்.

"சும்மா இரு. கேப்போம்."

படகு வேர்களுக்கிடையே திரும்பி மறைந்தது. முதலில் ஆரஞ்சு நிறம் போனது, பிறகு துடுப்பின் நுனி. உள்ளிருந்து ஒரு கொக்கு மட்டும் எழுந்து மரங்களுக்கு மேலே வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் வட்டமடித்தது. அதற்குக் கீழே, இலைகளுக்குள்ளிருந்து, இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் சிரிக்கும் சத்தம் நீரின் மேல் தவழ்ந்து கரைக்கு வந்தது.