இங்கரின் வகுப்பு

சனிக்கிழமை பின்னேரம் சபாரத்தினத்தார் வீட்டில், டென்மார்க்கின் அந்தச் சின்ன ஊரில் இருந்த நான்கு தமிழ்க் குடும்பத்து ஆண்களும் கூடினார்கள். பள்ளிக்கூட விசயமாகப் புதன்கிழமை நடக்கிற கூட்டத்தில் யார் கதைப்பது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சபாரத்தினத்தார் மன்னாரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். மந்திரி வந்தாலும் பிஷப் வந்தாலும் அங்கே வாசிக்கிற வரவேற்புரை அவர் எழுதியதாகத்தான் இருக்கும். டேனிஷ் அவருக்கு ஓடாது. ஆனால் இங்கிலீஷைத் தண்ணீர் மாதிரி ஊற்றுவார். டேனிஷ்காரருக்கு இங்கிலீஷ் விளங்கும். அப்படியென்றால் வேறு யார்?

கிறிஸ்துநாயகத்துக்கு டேனிஷ் கொஞ்சம் வரும். தலைமன்னார் இறங்குதுறையில் மூட்டை சுமந்தவன். இங்கே பன்றி வெட்டுகிற கொம்பனியில் குடல் கழுவுகிற பகுதியில் நிற்கிறான். சுடுதண்ணி ஆவிக்குள்ளே, காலுறை வரைக்கும் ஊறுகிற நாற்றத்துக்குள்ளே, பக்கத்தில் நிற்கிறவன் என்ன சொல்லிக் கத்துகிறானோ அதுதான் அவன் படித்த பாஷை.

"நீ மட்டும் வாயைத் திறந்திடாதை, நாயகம்," என்றார் சபாரத்தினத்தார். "அங்க பாதிரியாற்ர மனுசியும் இருப்பா. இஞ்சத்தைப் பாதிரியாருக்கு மனுசி இருக்கு, தெரியும்தானே."

எல்லாரும் சிரித்தார்கள். கிறிஸ்துநாயகமும் சிரித்தான். மனதுக்குள் அவனுக்கு ஒரே ஒரு விசயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று வீட்டுப் பிள்ளைகளும் சின்னதுகள். எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் முளைத்துவிடும். அவனுடைய விக்ரோரியாவுக்குப் பதினொரு வயது.

அவள் போன வருடம் பனிக்காலத்தில் தாயோடு வந்து இறங்கினாள். வந்து மாதக்கணக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒரு சொல் பேசவில்லை. வீட்டில் கதைப்பாள், தாயோடு சண்டை பிடிப்பாள், பாட்டுக்கூடப் பாடுவாள். பள்ளிக்கூட வாசலைக் கண்டதும் வாய் பூட்டிக்கொள்ளும். டேனிஷ் பிள்ளைகள் அவளை அடிக்கவுமில்லை, பழிப்புக் காட்டவுமில்லை. அவள் இருக்கிற கதிரையில் ஒருவரும் இல்லாதது மாதிரி நடந்தார்கள், அவ்வளவுதான். பிறகு கொம்யூன் என்கிற உள்ளூராட்சிச் சபையிலிருந்து ஒரு மனிதர் அவளுடைய அறிவைப் பரிசோதிக்க வந்தார். சிரித்த முகத்தோடு மேசையில் நிறக்கட்டைகளைப் பரப்பினார். விக்ரோரியா கையைக் கட்டிக்கொண்டு எழும்பி நின்றாள். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில், பெரியவர் ஒருவர் முன்னுக்கு வந்தால் அப்படித்தான் நிற்கப் பழக்கியிருந்தார்கள். இரு என்று அவர் கையால் காட்டினார், இருந்தாள். கட்டைகளைத் தொடவில்லை. பிறத்தியாருடைய சாமானில் அவள் எப்படிக் கை வைப்பாள்? அந்த மனிதர் பொறுமையாக முழுநேரமும் காத்திருந்துவிட்டு, வயதுக்கு மூன்று வருடம் பின்தங்கிய பிள்ளை என்று முடிவு சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் இங்கர் வந்தாள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கம்பளிச் சட்டையில் எப்போதும் சுருட்டு மணம். டேனிஷ் தெரியாத பிள்ளைகளை, இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளையும் இரண்டு வியட்நாம் பிள்ளைகளையும், ஓர் அறையில் சேர்த்து வைத்துப் படிப்பித்தாள். படிப்பித்தாள் என்றால் புத்தகம் குறைவு. கடைக்குக் கூட்டிப்போய் வெங்காயத்தைக் கையில் கொடுத்துப் பெயர் சொல்ல வைப்பாள். மழைக்குள் பஸ் தரிப்பில் நிறுத்தி மழை என்று கத்த வைப்பாள். செப்டெம்பரில் ஒருநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு கிறிஸ்துநாயகத்தின் வீட்டுக்கே வந்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டதென்று தாய் மேரிசெலின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உன் மகள் இன்று சண்டை பிடித்தாள்!" என்றாள் இங்கர். "வியட்நாம் பெடியன் அழிறப்பரை எடுத்தான். 'அது என்னுடையது, தா!' என்று கத்தினாள். டேனிஷில்! வகுப்பே திரும்பிப் பார்த்தது!"

அன்று தொடங்கிய வாய்தான். நவம்பர் வந்தபோது விக்ரோரியா பால்பெட்டியில் இருக்கிற எழுத்தைக்கூட வாசித்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் கொம்யூன் அந்த வகுப்பை மூடப்போவதாகக் கதை வந்தது.

கொம்யூன் என்றால் பெரிய ஒன்றும் இல்லை. ஹேர்னிங்கிலிருந்து பஸ்ஸில் போனால் பீற்றூட் வயலும் பன்றிக் கொட்டிலும் நடுநடுவே தேவாலயமும் வரும், அதுதான். மூன்று பள்ளிக்கூடம். வருடா வருடம் பிள்ளைகள் குறைந்துகொண்டு போகிறார்கள். மூன்றையும் ஏழு பேர் கொண்ட ஒரு கமிசன் பார்த்துக்கொள்கிறது. தலைவர் ஐனர், பன்றிப் பண்ணைக்காரர். மற்றவர்களில் கூட்டுறவுக் கடை மனேச்சர் ஒருவர், பாதிரியாரின் மனைவி, உழவு யந்திரம் திருத்துகிற ஒருவர். கெட்ட மனிதர்கள் என்று ஒருவரையும் சொல்ல ஏலாது. கெட்டவர்களாக இருந்திருந்தால் ஒரு வழியில் சுகம். பகல் முழுக்க வேலை செய்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு வந்து, ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பி மேசையில் இருக்கிறவர்கள். இங்கரின் வகுப்பு அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. எட்டுப் பிள்ளைக்கு ஒரு ரீச்சர், ஓர் அறை. பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில், மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு ஏற்கனவே நடக்கிறது. அங்கே இடம் இருந்தது. சின்னதுகளைச் சாதாரண வகுப்பில் கலந்துவிடுவது, பரிசோதனையில் பின்தங்கிய விக்ரோரியாவை அங்கே அனுப்புவது. அதுதான் திட்டம்.

"நான் சொன்னால் என் வேலைக்காகச் சொல்கிறேன் என்பார்கள்," என்று இங்கர் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "தகப்பன்மார் சொல்ல வேண்டும். நீட்ட வேண்டாம். மூடாதீர்கள், காரணம் இது. அவ்வளவுதான். மூன்று நிமிடம் தருவார்கள்."

புதன்கிழமை பின்னேரம் நாலு பேரும் கோட் போட்டுக்கொண்டு போனார்கள். கிறிஸ்துநாயகம் வேலையிலிருந்து வந்து இரண்டு தரம் குளித்தான். அப்படியும் தள்ளித்தான் இருந்தான். பள்ளிக்கூட நூலக அறை. ஏழு பேர் ஒரு நீள மேசையில். எதிரே ஊர்ச்சனம் ஒரு கைப்பிடி. முதலில் வேறொரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபக் கூரை ஒழுகுகிற கதை வந்தது. அது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. ஓடு போடுவதா, தகடு போடுவதா, மேற்குக் காற்றுக்கு எது தாங்கும் என்று ஏழு பேரும் கேட்டார்கள், சண்டை பிடித்தார்கள், ஒருவர் கடதாசியில் கூரையைக் கீறிக்கூடக் காட்டினார். கூரை எல்லோருக்கும் தெரிந்த விசயம். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

பிறகு ஐனர் அடுத்த விசயத்துக்கு வந்தார். இங்கர் எழும்பிச் சொன்னாள். கேட்டார்கள், தலையாட்டினார்கள். அவள் பயந்தபடியே, கூட்டுறவுக் கடை மனேச்சர், "உனக்கு நாங்கள் வேறு வேலை தருவோம், இங்கர், பயப்படாதே," என்றார்.

"பெற்றோர் சார்பில்?" என்றார் ஐனர்.

சபாரத்தினத்தார் எழும்பி, கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். மதிப்புக்குரிய தலைவர் அவர்களே என்று தொடங்கினார். நல்ல இங்கிலீஷ்; அவருடைய குரலும் நல்ல குரல். அரசிக்கு நன்றி சொன்னார். அரசாங்கத்துக்கு, கொம்யூனுக்கு, தலைமை ஆசிரியருக்கு நன்றி சொன்னார். எங்கள் பிள்ளைகளுக்குக் குளிர்ச்சட்டை தந்த தாய்மாருக்கு நன்றி சொன்னார். இந்தப் பள்ளிக்கூடத்தைப் போல் ஒரு பள்ளிக்கூடத்தை நாங்கள் எங்கள் நாட்டில் கண்டதில்லை என்றார். கச்சேரியில் காரியம் அப்படித்தான் நடக்கும். முதலில் அதிகாரியின் மனதைக் குளிரப்பண்ண வேண்டும். கேட்க வந்ததை முதலில் கேட்டால் அது மரியாதை இல்லை. பறிக்க வந்தவன் மாதிரி ஆகிவிடும். எல்லாம் முடிந்தபின் அதிகாரி கதிரையில் சாய்ந்துகொண்டு, சரி, இப்ப உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்பார். அப்போதுதான் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்காகத் தலையைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு சபாரத்தினத்தார் நிறுத்தினார்.

கை தட்டினார்கள். பாதிரியாரின் மனைவி கண்ணைத் துடைத்தாள்.

"இந்த மேசையில் உட்கார்ந்து எத்தனையோ வருடம்," என்றார் ஐனர் டேனிஷில். "ஒருவர் எழும்பி நன்றி என்று சொல்லி இன்றுதான் கேட்கிறேன். பெற்றோருக்குத் திருப்தி என்று எழுதிக்கொள்ளுங்கள். சரி, வாக்கெடுப்புக்குப் போவோமா?"

சபாரத்தினத்தார் தலைகுனிந்து வணங்கிவிட்டு இருந்தார். "இப்ப கேப்பினம், பாருங்கோ," என்று பக்கத்தில் மெதுவாகச் சொன்னார்.

இங்கர் திரும்பி அவர்களைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கிறிஸ்துநாயகத்தால் தாங்க முடியவில்லை. நாலு பேரிலும் ஐனர் சொன்னது விளங்கினவன் அவன் ஒருவன்தான். காரியம் முடிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரிந்தது. எழும்பினான். எழும்பின பிறகுதான் வாயில் என்ன இருக்கிறது என்று தேடினான். பிள்ளை பேசத் தொடங்கினதைச் சொல்ல வேண்டும். கட்டையை ஏன் தொடவில்லை என்று சொல்ல வேண்டும். இன்னும் ஒரு வருடம் தந்தால் போதும் என்று சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் அவனிடம் சொல் இல்லை. குடல் கழுவுகிற இடத்தில் அதெல்லாம் ஒருவரும் கதைப்பதில்லை.

"ஐனர்!" என்றான். குரல் பெரிதாக வந்துவிட்டது; யந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகின தொண்டை. "என்ர மகள் மொக்கு இல்லை, ஃபன்தம! ஒரு மசிரும் மொக்கு இல்லை! சோதிக்க வந்த மனுசன்தான் பெரிய பண்டி!"

டேனிஷில்தான் சொன்னான், பிசாசை இழுத்து ஆணையிடுகிற அந்த ஃபன்தம உட்பட. ஊர்க்காரன் ஒருவன் குடிவெறியில் சொல்வது போலவே, அந்தப் பகுதிக் கொச்சையோடு சொன்னான். பிறகு உழவு யந்திரக்காரர் வெடித்துச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. தங்கள் வீட்டுக் குழந்தை முதல்முதல் கெட்ட வார்த்தை சொல்லக் கேட்டவர்கள் போல, ஆசையோடு சிரித்தார்கள்.

"பாருங்கள்," என்றார் ஐனர், கண்ணில் தண்ணீர் வழிய. "இந்த மனிதர் எந்த வகுப்புக்கும் போகவில்லை. எங்களோடு வேலை செய்தார், படித்துக்கொண்டார். பிள்ளைகளும் அப்படித்தான் படிப்பார்கள், இங்கர்."

கிறிஸ்துநாயகம் நின்றுகொண்டே இருந்தான். ஐனர் கை உயர்த்தச் சொன்னார். பாதிரியாரின் மனைவி மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிறகு உயர்த்தினாள். கூரைக்குப் போன நேரத்தில் கால்வாசி கூட இதற்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு கோப்பி ஊற்றினார்கள். ஐனர் தானே ஒரு கோப்பையைக் கொண்டுவந்து கிறிஸ்துநாயகத்தின் கையில் தந்தார். "வீட்டு வாசலுக்கே வாகனம் வரும். அங்கே நல்ல கவனிப்பு. எனக்குத் தெரியும், என் தங்கையின் மகன் அங்கேதான்," என்றார். தோளில் தட்டினார். "என் பன்றிகள் எப்படி? கொழுப்பு மெல்லிசாக இருக்கிறதா?"

"நல்லம்," என்றான் கிறிஸ்துநாயகம். அதற்கு அவனிடம் சொல் இருந்தது.

வெளியே வந்ததும் சபாரத்தினத்தார் சீறினார். "நீ ஏன்ராப்பா இடையில எழும்பினனி? அந்தாள் கேக்க வெளிக்கிட்ட நேரம் எல்லாத்தையும் குழப்பிப்போட்டாய்."

"அவை கேக்க மாட்டினம், அண்ணை."

"எப்பிடிக் கேக்காமல்? அவ்வளவு சொன்னனான்."

"இஞ்ச அப்பிடிக் கேக்கிறேல்ல."

சபாரத்தினத்தார் நடப்பதை நிறுத்தினார். கோட்டுக்குள் கை விட்டு, மடித்து வைத்திருந்த கைலேஞ்சியை எடுத்து முகம் துடைத்தார். அவருடைய வாழ்க்கை முழுக்க அவர் எழுதிக்கொடுத்த வரவேற்புரையெல்லாம் அந்த இருட்டில் அவருக்குப் பின்னால் வருவது மாதிரி மெதுவாக நடந்தார்.

மேரிசெலின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களும் கதைச்சனீங்களோ?"

"ஓம்."

"என்னெண்டு?"

"பிள்ளை மொக்கு இல்லையெண்டு."

"அதுக்கு?"

"சிரிச்சவை."

உள்ளே விக்ரோரியா தலையைத் தூக்கிப் பார்த்தாள். தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

நத்தார் பண்டிகை கழிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள் கடும் பனி. சொன்னது போலவே வாகனம் வாசலுக்கு வந்தது. வெள்ளைச் சின்ன பஸ். சாரதி நல்ல மனிதர். இறங்கி வந்து கையைக் கொடுத்து, தன் பெயர் சொல்லி, விக்ரோரியாவின் பையை வாங்கிக்கொண்டார். ஏற வைத்தார். எல்லா இருக்கையிலும் நெஞ்சுக்குக் குறுக்காகக் கட்டுகிற அகலமான பட்டி இருந்தது. அவர் அதை அவள் மேலால் இழுத்து, பூட்டி, இழுத்துப் பார்த்து, சரி என்றார். அவள் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பட்டிக்கு மேலே எடுத்து வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, சொல்லிப்போட்டுப் போவன்," என்றான் கிறிஸ்துநாயகம். "போட்டு வாறன் எண்டு சொல்லன்."

அவள் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் இறுகியிருந்தது. சாரதி கதவை இழுத்துச் சாத்தி, வெளியிலிருந்து கொளுவியைப் போட்டார்.

பக்கத்து இருக்கையில் தோல் தொப்பி கட்டிய ஒரு பெரிய பையன் இருந்தான். விழுந்தால் தலை உடையாமல் கட்டுகிற தொப்பி. பஸ் நகரத் தொடங்கியதும் அவன் கண்ணாடியில் முகத்தை அமத்தி, வெளியே பனிக்குள் நின்ற மனிதனைப் பார்த்துச் சிரித்து, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான். அவனுடைய மூச்சில் கண்ணாடி புகைந்து, அவனுக்கு அங்கால் இருந்த பிள்ளையின் முகம் மறைந்தது. கிறிஸ்துநாயகம் கையைத் தூக்கி அவனுக்கு ஆட்டினான். பஸ் பீற்றூட் வயல் வளைவில் திரும்பும் வரைக்கும், அந்தப் பையன் ஆட்டிக்கொண்டிருந்தபடியால், அவனும் ஆட்டிக்கொண்டு நின்றான்.