அருமைராசா அண்ணையின் பிஸ்டல்

அருமைராசா அண்ணை எனக்குத் தரவேண்டியது நானூற்றித் தொண்ணூறு டொலர். மன்னாரில் தாய்வீட்டில் காத்துக்கொண்டிருந்த என் மனைவி றோஸ்மேரி மொன்றியலில் வந்து இறங்குவதற்குக் கனடா அரசாங்கம் கேட்ட கட்டணமும் சரியாக அதே நானூற்றித் தொண்ணூறுதான். ஆனபடியால் அவர் வாங்கிக்கொண்டு போனது என் காசை என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. றோஸ்மேரியைத்தான் கைமாற்றாக வாங்கிக்கொண்டு போனார்.

முதலில் அந்தக் கட்டணம் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாக இருந்தது. ஹோட்டல் படுக்கைத் துணி தோய்க்கிற இடத்தில் ஈரத்துணி தூக்கித் தூக்கி நான் பாதியைச் சேர்த்து முடிக்க, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வைகாசியில் அரசாங்கம் தானாகவே கட்டணத்தைப் பாதியாக்கியது. என் ஐம்பது வயதில் ஒரு அரசாங்கம் எனக்குச் செய்த முதல் நன்மை. அதை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று சொன்னேன். அருமைராசா அண்ணை கேட்டுக்கொண்டு நின்றார். அடுத்த நாளே அவருடைய வான் வண்டியின் கியர்பெட்டி உடைந்துவிட்டது. ஒரு கிழமையில், ஏழே நாளில், தருவதாகச் சொல்லி வாங்கினார். மேல்பாதியை அரசாங்கம் குறைத்தது, கீழ்ப்பாதியை அவர் குறைத்தார்.

எங்கள் ஆட்கள் ஒரு கிழமை என்று சொன்னால் நாட்காட்டியைப் பார்க்கக்கூடாது. அது வணக்கம் சொல்வது மாதிரி ஒரு மரியாதை.

ஆடி மாதம் குடிவரவுக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. ஆவணி முடிவதற்குள் கட்டணத்தைக் கட்ட வேண்டும். நாற்பது தாண்டி எழுத்துப் படித்தவன் நான். மூன்றுதரம் விரல் வைத்து வாசித்துப் பார்த்தேன். மூன்றுதரமும் அதே திகதிதான் இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு அருமைராசா அண்ணை வீட்டுக்குப் போனேன்.

"நல்ல நேரம் வந்தாய் பத்தி," என்றார். என் முழுப்பெயர் பத்திநாதர். "உனக்குப் பிரெஞ்சு கொஞ்சம் தெரியும் என்ன? வா, ஒரு இடத்துக்குப் போவம்."

"அண்ணை, நான் வந்தது அந்தக் காசு அலுவலா..."

"தெரியும், தெரியும். முதலிலை பிஸ்டலை வாங்குவம்."

அந்தச் சொல்லோடு என் வாய் அடைத்துப்போய்விட்டது. கடன் கொடுத்தவன் காசு கேட்டுப் போகிற நேரம் கடன்பட்டவன் பிஸ்டல் வாங்கப் புறப்பட்டால் யாருக்குத்தான் வாய் வரும்?

பிறகுதான் விளங்கியது. எங்கள் கோயில் பங்குச் சங்கம் ஒவ்வொரு கோடையும் ஜாரி பார்க்கில் விளையாட்டுப்போட்டி வைக்கும். அருமைராசா அண்ணைதான் விளையாட்டுப் பொறுப்பாளர். இவ்வளவு காலமும் விசில் ஊதித்தான் ஓட்டம் தொடங்கினார்கள். இந்த முறை வெடி வைத்துத் தொடங்குவதாகத் தீர்மானித்து, சங்கம் அவரிடம் அறுபது டொலர் கொடுத்திருந்தது. துவக்கு, பிஸ்டல் விசயம் என்றால் அவரைவிட வேறு யார்? "எண்பத்தைஞ்சில நான் கையில பிடிக்காத சாமான் இல்லை," என்று இருபது வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற மனிதர். எந்த இயக்கத்தில் என்று கேட்டால் சுற்றிவரப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் கதைக்கப்படாது," என்பார். அவருடைய ஊர்க்காரர் ஒருவர் எண்பத்தைந்தில் அவர் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி நிறுத்தவர் என்று சொல்வார். சீனியும் கையில் பிடிக்கிற சாமான்தானே.

வில்லரேயில் ஒரு அடகுக்கடை. கடைக்காரக் கிழவன் ஒரு பெட்டியைத் திறந்து வைத்தான். ஓட்டப்போட்டிக்கு வெடிக்கிற பழைய பிஸ்டல். பிடியின் பிளாஸ்டிக் வெடித்து, எங்கும் கீறல். கிழவன் ஐம்பது கேட்டான். அருமைராசா அண்ணை ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவர் மணிக்கூட்டுக்குக் குறிவைத்தார். கிழவன் தன் பாட்டில் முப்பத்தைந்துக்கு இறங்கினான்.

"இத்தாலிச் சாமான். பாரத்தைப் பார்," என்றார்.

நான் பெட்டியில் ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். "அண்ணை, இது சத்தத்துக்கு மட்டும்தானாம். குழாயை அடைச்சுத்தான் செய்திருக்கிறாங்கள். இதுக்குள்ளால ஈ, இலையானும் வெளியில வராது."

"அது பாதுகாப்புக்கு."

"ஆரின்ரை பாதுகாப்புக்கு?"

"வெடிக்கிறவன்ரை பாதுகாப்புக்கு," என்றார். அந்த நேரம் அது பகிடி என்று நினைத்தேன்.

பிஸ்டல் வந்த பிறகு அதைத் திருத்துகிற வேலை தொடங்கியது. ஒரு குழந்தையைத் தத்து எடுத்தவன்கூட அப்படிப் பார்க்கமாட்டான். வெடித்த பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, கோயில் மண்டபத்தில் உடைந்துகிடந்த கதிரைக் காலை அறுத்து, அரத்தால் ராவி, வார்னிஷ் பூசி, மரப்பிடி போட்டார். விசை இறுகியிருந்ததைக் கழற்றி எண்ணெய் விட்டார். தாயாருடைய பழைய தோல் கைப்பையை வெட்டி, இடுப்பில் கட்ட ஒரு உறை தைப்பித்தார். தையல்காரிக்கு நாற்பது டொலர். சங்கத்துக் காசு முடிந்து தன் காசும் போட்டார். நான் வேலை முடிந்து, தோள்மூட்டு கழன்றுவிழுகிற மாதிரி வந்து, அவருடைய நிலக்கீழ் அறையில் ரோச்சு வெளிச்சம் பிடித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் நின்றாலாவது காசு ஞாபகம் வரும் என்று ஒரு நம்பிக்கை.

"பிஸ்டலுக்கு நல்லாச் செலவழிக்கிறியள் அண்ணை," என்று ஒருநாள் மெல்லச் சொன்னேன்.

"இது பொதுக்காரியம் பத்தி. உன்ரை சொந்தக்காரியம். எது முதல் சொல்லு பாப்பம்?"

கோயில் மண்டபத்தில் பரீட்சித்துப் பார்க்கிற நாள் வந்தது. சங்கத் தலைவர் சிவநேசம் மாஸ்டர் முன்வரிசையில் காதைப் பொத்திக்கொண்டு இருந்தார். அருமைராசா அண்ணை கையை மேலே உயர்த்தி, காலை அகட்டி வைத்து, வெடித்தார். சோடாப் போத்தில் மூடி கழன்ற மாதிரி ஒரு சத்தம்.

மாஸ்டர் காதிலிருந்து கையை எடுத்தார். "வெடிச்சாச்சோ?"

"ஓம் மாஸ்டர்."

"இதுக்கு நான் கையைத் தட்டியிருப்பன். அறுபது டொலரும் மிஞ்சியிருக்கும்."

அருமைராசா அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. இப்படியே விட்டால் எண்பத்தைந்தாம் ஆண்டுக்கே மரியாதை போய்விடும். நேரே ஞானேந்திரனிடம் போனார். மொன்றியலில் எங்கள் ஆட்களின் கலியாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் ஒலிபெருக்கி போடுகிறவர் ஞானேந்திரன். பிஸ்டல் பிடிக்கிற கை மணிக்கட்டில் ஒரு சின்ன மைக்கை ஒட்டிவிட்டு, மைதானத்தைச் சுற்றி நாலு ஒலிபெருக்கிப் பெட்டி வைப்பதாக முடிவு. ஞானேந்திரனுடைய மைக்கில் எக்கோ எப்போதும் முழுக்கத் திறந்தபடிதான் இருக்கும். "எக்கோ இல்லாட்டி எங்கடை சனத்துக்கு மைக் பிடிச்ச மாதிரியே இராது," என்பது அவருடைய கொள்கை. ஒருமுறை வருக என்று சொன்னால் நாலுமுறை வருக என்று கேட்கும். கலியாண வீட்டுக்கு அது நல்லதுதான்.

விளையாட்டுப்போட்டி ஆவணியின் கடைசிச் சனிக்கிழமை. நல்ல வெயில். வெடியோடு தொடங்குகிற முதல் ஓட்டம் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களுடையது. நானும் பெயர் கொடுத்திருந்தேன். ஓடுகிற ஆசையில் அல்ல. கோட்டில் நின்றால் அருமைராசா அண்ணை பக்கத்தில் நிற்பார், என்னை விட்டு அசைய ஏலாது.

வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, இடுப்பில் தாயாருடைய கைப்பை உறை. ஆள் மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

"அண்ணை," என்றேன் குனிந்தபடியே. "வாற வியாழன் கடைசி நாள். கட்டாட்டி றோஸ்மேரியின்ரை அலுவல் கிடப்பில போயிடும். அங்கை சண்டையும் தொடங்கிட்டுது."

"ஓடுற நேரத்தில காசுக்கதை கதையாதை பத்தி. மூச்சு வாங்கும்." கையை உயர்த்தினார்.

பிஸ்டல் ஒருதரம்தான் வெடித்தது. அதில் பிழை சொல்ல ஏலாது. ஞானேந்திரனுடைய பெட்டிகள் அதை வாங்கி நாலு பக்கத்தாலும் டும் டும் டும் டும் என்று கொட்ட, ரோட்டுக்கு அங்காலே நின்ற அடுக்குமாடிச் சுவர்கள் அதை வாங்கித் திருப்பி அனுப்பின.

நான் விழுந்தது எனக்குத் தெரியாது. வாய்க்குள் புல் இருந்தது. அதுதான் தெரியும். ஓடவேண்டிய எட்டுப் பேரும் குப்புறக் கிடந்தோம், ஆளுக்காள் கையைத் தலையில் வைத்துக்கொண்டு. பார்க்க வந்த சனமும் அப்படியே. ஒரு மனிசி வடைத் தட்டத்தைச் சிந்தாமல் இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்திருந்தாள். இஞ்சை பிறந்த பிள்ளைகள் மட்டும் நின்ற இடத்தில் நின்று, தகப்பன் தாய்மாரைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றதுகள். ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து ஒன்று கை தட்டியது.

பக்கத்தில் திரும்பினேன். வெடித்தவரும் கிடந்தார். பிஸ்டல் பறந்து பற்றைக்குள் போய்விட்டது. இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு இழுத்து, காதைப் பொத்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "மாதாவே, மாதாவே," என்றார். பிறகு கண் திறக்காமலே கேட்டார்:

"பத்தி, எந்தப் பக்கத்தாலை அடிக்கிறாங்கள்?"

"உங்கடை கையாலைதான் அண்ணை."

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அந்தப் பார்வையில் எண்பத்தைந்தாம் ஆண்டு இல்லை. சீனி நிறுத்தவன்தான் இருந்தான். கடையில் நின்ற நேரம் எங்கிருந்தோ இப்படி ஒருநாள் வெடிச்சத்தம் வந்திருக்க வேண்டும்.

அந்த நேரம் சிவநேசம் மாஸ்டருடைய குரல் நாலு பெட்டியாலும் வந்தது. பரிசு மேசையின் விரிப்புக்குக் கீழே இருந்துதான் மைக்கில் கதைத்தார். "அருமைராசா, அங்கை என்ன நடந்தது... நடந்தது... நடந்தது..."

கிடந்த தலைகள் எல்லாம் மெல்ல நிமிர்ந்து எங்கள் பக்கம் திரும்பின. வெடித்தவனே விழுந்துகிடக்கிறான் என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். இருபது வருசக் கதை அந்தப் புல்லிலேயே முடிந்துவிடும். மூன்று மாதமாக இவரிடம் சொல்ல என்று நல்ல நல்ல சொல்லாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் என் முழங்கையும் அதே புல்லில்தான் கிடந்தது. அவருடைய கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டு மைக்குக்குள் சொன்னேன்:

"கால் சறுக்கிப்போட்டுது, மாஸ்டர்."

போட்டுது, போட்டுது, போட்டுது என்று நாலு பெட்டியும் சாட்சி சொன்னது.

உடனே சனம் எழும்பத் தொடங்கியது. "ஓமோம், புல்லுச் சறுக்குது," என்றார் ஒருவர். "சப்பாத்துப் பிழை," என்றார் இன்னொருவர். ஆளாளுக்குத் தட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றோம். மேசைக்குக் கீழே விழுந்த பேனையை எடுத்துக்கொண்டு மாஸ்டரும் வெளியே வந்தார். ஓட்டத்தை அவரே கை தட்டித் தொடக்கி வைத்தார். நான் நாலாவதாக வந்தேன்.

திங்கள் பின்னேரம் வேலையால் வந்து சாரத்துக்கு மாற, கதவில் தட்டுக் கேட்டது. அருமைராசா அண்ணை. ஒரு கையில் பொலித்தீன் பை, மறுகையில் என்வலப். உள்ளே வரவில்லை.

"எண்ணிப் பார்," என்றார்.

இருபதுகளும் ஒரு பத்தும். நானூற்றித் தொண்ணூறு.

"எங்காலை அண்ணை? வானை வித்துப்போட்டியளோ?"

"விசரே? சிவநேசம் மாஸ்டரிட்டை மாறினன்."

"மாஸ்டர் ஒருத்தருக்கும் கடன் குடாதவரெல்லே."

"ஓம், முதல் இல்லையெண்டுதான் சொன்னவர்." குரலைத் தாழ்த்தினார். "மேசைக்குக் கீழை பேனை தேடேக்கை நானும் கண்டனான் எண்டு சொன்னன். உடனை எடுத்துத் தந்தார். ஒரு கிழமையில குடுத்திடுவன்."

பையை நீட்டினார். வெள்ளைக் காற்சட்டை. இரண்டு முழங்காலிலும் பச்சை.

"உங்கடை வேலையிடத்திலை போட்டால் இது போகுமோ?"

"புல்லுக்கறை அண்ணை. லேசிலை போகாது."

"போட்டுப் பார்," என்றார். "ஆரும் கேட்டால்..."

"சறுக்கினதெண்டு சொல்லுறன்."

அடுத்த நாள் காலை கட்டணத்தைக் கட்டினேன். அன்றிரவே ரெலிபோன் கார்ட் போட்டு மன்னாருக்கு எடுத்தேன்.

"காசு கட்டியாச்சு," என்றேன்.

றோஸ்மேரி, "அந்த மனுசன் எப்பிடி இப்பவெண்டாலும் தந்தவர்?" என்று கேட்டாள்.

"விளையாட்டுப்போட்டியிலை சறுக்கி விழுந்தவர். நானும்தான் விழுந்தனான். எல்லாரும்தான்."

"ஐயோ, அங்கை அவ்வளவு மழையே?"

"துளி மழையில்லை."

அப்போது அவளுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. என் முழங்கால் தானாக மடிந்து, நான் ரெலிபோனோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

"அது தூரத்திலை," என்றாள் றோஸ்மேரி. "நீங்கள் கதையுங்கோ. கார்ட் முடியப்போகுது."