கையெழுத்துக்குக் கீழே ஒரு வார்த்தை

ஹனோயில் ஆங்கிலேயர் வீட்டுச் சமையல்காரி நான். பெயர் ஞாம். அந்த வீட்டில் இருந்த பெல்லமி ஐயா தன்னைக் கான்சல், அதாவது தன் நாட்டின் தூதரக அதிகாரி, என்பார். எங்கள் அதிகாரிகளோ, அப்படி ஒரு கான்சலே ஊரில் கிடையாது என்பார்கள். அவர் நாடு எங்கள் அரசாங்கத்தை அரசாங்கம் என்றே ஒப்புக்கொள்ளவில்லையே. நம்மை மதிக்காதவனை நாம் ஏன் மதிக்க வேண்டும்? நியாயம்தான். என் மகள் லியெனுக்குக் காய்ச்சல் வரும்வரை நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு வயது ஆறு. கழுத்து விறைத்துப்போய், வெளிச்சம் பட்டாலே அழுதாள். மூளைக்காய்ச்சல் என்றார் டாக்டர். குண்டு விழுகிற காலம், ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து இல்லை. பெல்லமி ஐயா தந்தி அடித்து, அடுத்த விமானத்திலேயே வரவழைத்துவிட்டார். பெட்டி விமான நிலையத்தில் வந்து உட்கார்ந்தது. அதை எடுக்க ஐயாவின் கடிதம் ஒன்று போதும்.

கடிதத்தை நானே எங்கள் அரசாங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். மேசையில் லுவான், எங்கள் சந்துக்காரன். கடைசி வரியைத்தான் முதலில் பார்த்தான்.

"ஞாம் அக்கா, கையெழுத்துக்குக் கீழ கான்சல்னு போட்டிருக்கே. அப்படி யாரும் இங்க இல்லையே."

"அப்ப பதினோரு வருஷமா நான் யாருக்கு வடிச்சுக் கொட்டுறேன்? பேய்க்கா?"

"அந்த ஒரு வார்த்தையை எடுத்துட்டு வாங்கக்கா."

திரும்பி ஓடினேன். பெல்லமி ஐயா முகம் சிவந்துவிட்டது.

"அதை எடுத்தா நான் இங்க வெறும் ஆள், ஞாம். லண்டன்ல கேக்கணும்."

கேட்டார். கூடாது என்று பதில் வர இரண்டு நாள். பிறகு அந்த வார்த்தையைக் கடிதத்தின் தலையில் போட்டு எழுதினார். லுவான் அதையும் திருப்பினான். இப்படி நாலு நாள், சைக்கிளில் நான்தான் போகவர இருந்தேன். இரண்டு நாடும் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. என் பிள்ளை வலிப்பில் துடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை எனக்கு வெறி பிடித்துவிட்டது. லுவான் மேசையிலிருந்தே ஒரு தாளை உருவினேன். பெட்டியில் இருப்பது என் மகளின் மருந்து, இப்படிக்கு சமையல்காரி ஞாம் என்று எழுதி அவன் முன்னால் அறைந்தேன்.

"என்னையாவது ஒப்புக்கிறியா? நானாவது இந்த ஊர்ல இருக்கேனா?"

அந்தத் தாளிலேயே முத்திரை குத்தினான். அரை மணி நேரத்தில் பெட்டி என் கையில். முதல் நாளே இது தோன்றவில்லையே என்று இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறேன். படித்த அந்தப் பாவிகளுக்கும் தோன்றவில்லை.

காய்ச்சல் இறங்கியது. லியெனுக்கு இரண்டு காதும் போய்விட்டது.

ஆறு வருஷம் கழித்து இரண்டு நாடும் ஒன்றையொன்று ஒப்புக்கொண்டன. அதே வீட்டில் மத்தியான விருந்து. விடிந்ததிலிருந்து அரிசித் தாளில் இறைச்சி வைத்து நெம் சுருட்டிச் சுருட்டிப் பொரித்தேன். பெல்லமி ஐயா எப்போதோ ஊர் போய்விட்டார். புதிதாக வந்த வெள்ளைக்காரரோடு மதுக்கிண்ணம் மோதிக்கொண்டிருந்தான் லுவான், இப்போது பெரிய அதிகாரி. என்னைக் கண்டதும் கூப்பிட்டான்.

"ஞாம் அக்காதான் இந்த வீட்டோட பழைய ஆள். நல்ல நாள் அதுவுமா நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கக்கா."

தட்டைக் கீழே வைத்தேன்.

"நல்ல சேதிதான். என் பொண்ணுகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் என்று வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்ப்பாளனைக் கேட்டார். அவன் லுவானைப் பார்த்தான். லுவான் தன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.